கைப்பிடிக் கம்பி அழகைக் கெடுக்குமாம்!

பெர்சே, மெனாவான், வாங்கி. பொதுக் கழிவறை சுத்தமாக, கவர்ச்சியாக, மணமாக இருக்க வேண்டுமாம். வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு பரப்பிவரும் இந்த 'பி.எம்.டபிள்யூ' முழக்கத்தை எதிர்த்து யார் பேசப்போகிறார்கள்? நாறும் கழிவறைதான் வேண்டும் என்று எவரும் மனு கொடுத்ததில்லை. 2026 மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு, ஜொகூருக்கும் வருகை தரும் ஆண்டு என்று அறிவித்த பிறகு எண்ணெய் நிலையம் முதல் ஐந்து நட்சத்திர ரிசார்ட் வரை இதே பேச்சு. மதிப்பீட்டுப் படிவத்தின் ஏதோ ஒரு மூலையில் ஓகேயூ (மாற்றுத்திறனாளி) என்று ஒரு கட்டமும் இருக்கக்கூடும். மேடையில் ஒலிப்பது என்னவோ அந்த மூன்று சொல்தான். சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே போக முடியுமா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

இந்த முழக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ரிசார்ட் வட்டாரத்தில் ஒரு வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. டெசாருவிலும் கேட்டிருக்கிறேன், மெர்சிங்கிலும் கேட்டிருக்கிறேன். நடத்துபவர்களும் சொல்கிறார்கள், அவர்களுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுப்பவர்களும் சொல்கிறார்கள். இப்போது மெனாவான் என்ற சொல் அதற்கு அரசாங்க முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது. எனவே ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

"சக்கர நாற்காலியில் யாரும் வருவதே இல்லை." வாசலைப் பூட்டி வைத்துவிட்டு விருந்தாளி வரவில்லை என்கிறார்கள்.

"எங்கள் ஆட்கள் தூக்கிவிடுவார்கள்." பொது மேலாளர் ஒருநாள் தன்னை அப்படித் தூக்கிச் சென்று உட்காரவைக்கச் சொல்லிப் பார்க்கட்டும்.

"இடம் போதாது." சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 1,500 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெற்றுத் தரை வேண்டும். கதவு திறந்தால் குறைந்தது 800 மில்லிமீட்டர் வழி வேண்டும். வரவேற்புக் கூடத்தில் யாரும் உட்காராத சோபாவுக்கும் யாரும் வாசிக்காத பியானோவுக்கும் இடமிருந்த கட்டடத்தில் இந்த ஒரு வட்டத்துக்கு மட்டும் பஞ்சம்.

இனி முக்கியமான வாதத்துக்கு வருவோம். "சுவரில் கம்பி வைத்தால் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும். விருந்தினர் ஓய்வெடுக்க வருகிறார்கள், நோயை நினைக்க அல்ல." இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு கலைஞனின் வேதனையைப் பார்க்க வேண்டும்!

அதே ரிசார்ட்டின் விளம்பரப் படத்தை எடுத்துப் பாருங்கள். நீல நிற நீச்சல் குளம், பின்னால் தென்சீனக் கடல். குளத்தின் ஓரத்தில் வெயில் பட்டு மின்னுகிறது வளைந்த எஃகுக் கைப்பிடி. அதைக் கண்டு எவருக்கும் ஆஸ்பத்திரி நினைவு வந்ததில்லை. மாடிப்படியில் பித்தளைக் கைப்பிடி ஓடுகிறது. அதற்குப் பாரம்பரியம் என்று பெயர். குளியல் தொட்டிக்கு மேலேயும் ஒன்று இருக்கிறது, அது சொகுசு. ஆனால் அதே உலோகம், அதே குழாய், பத்தடி தள்ளிப் பொதுக் கழிவறைக்குள் வந்ததும் நோயாளியாகிவிடுகிறது. ஆக, இவர்களுடைய கண்ணை உறுத்துவது கம்பி அல்ல. அதைப் பிடித்து எழப்போகிற ஆள்தான்.

அழகைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றால், அழகு தெரிந்தவர்களிடமே கேட்போம். தோக்கியோவின் ஷிபுயா வட்டாரத்தில் நிப்பான் அறக்கட்டளை 2020இல் பொதுக் கழிவறைகளைத் திறக்கத் தொடங்கியது. 2023க்குள் மொத்தம் 17. வடிவமைத்தவர்கள் 16 பேர். அவர்களில் ஃபுமிஹிகோ மாக்கி, தடாவ் அண்டோ, தோயோ இத்தோ, ஷிகெரு பான் ஆகிய நால்வரும் கட்டடக் கலையின் உச்சமான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றவர்கள். பூங்காவில் பான் வண்ணக் கண்ணாடியால் கழிவறை கட்டினார். வெளியிலிருந்தே உள்ளே எல்லாம் தெரியும். தாழ்ப்பாள் போட்டதும் கண்ணாடி மங்கிவிடும். இத்தோ கோயில் காட்டின் அடிவாரத்தில் மூன்று காளான்கள் முளைத்ததுபோல் கட்டினார். கெங்கோ குமா தேவதாரு மரப்பலகைகளைக் கொண்டு ஒரு காட்டுப்பாதையையே அமைத்தார். இவை எல்லாவற்றிலும் சக்கர நாற்காலி நுழையும், திரும்பும். கைப்பிடிக் கம்பியும் இருக்கிறது. யாரும் முகம் சுளிக்கவில்லை. விம் வெண்டர்ஸ் அங்கே துப்புரவு செய்யும் ஒருவரைப் பற்றி 2023இல் முழுப்படமே எடுத்தார். அதில் நடித்த கோஜி யாக்குஷோவுக்குக் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. இன்று அந்தக் கழிவறைகளைச் சுற்றிக் காட்டவே காசு வாங்கிக்கொண்டு வண்டி விடுகிறார்கள். அண்டோவுக்கும் இத்தோவுக்கும் தெரியாத அழகு நம்மூர் அலங்கார ஒப்பந்தக்காரருக்குத் தெரிந்திருக்கிறது போலும்.

"ஜப்பானை விடுங்கள், எங்களிடம்தான் ஓகேயூ கழிவறை இருக்கிறதே!" இருக்கிறது. கதவில் நீல நிறச் சக்கர நாற்காலிச் சின்னமும் இருக்கிறது. கிழக்குக் கரையில் ஒரு ரிசார்ட். திருமண வரவேற்புக்காக என் பெரியம்மாவை அங்கே அழைத்துப் போயிருந்தோம். இனிப்பு நீரால் ஒரு காலை இழந்தவர் அவர். பெண்கள் கழிவறை கண்ணைப் பறித்தது. செரை வாசனை, மங்கலான விளக்கு, கறுப்புக் கல் தரை. நுழைவாயிலில் நான்கு அங்குலப் படி. மேடைமீது கிண்ணம் போல் ஏற்றி வைத்த கைகழுவும் தொட்டி. நாற்காலியில் இருப்பவருக்கு அது மோவாய் உயரம். கண்ணாடியில் அவர் முகம் தெரியாது, கூரைதான் தெரியும். சரி, ஓகேயூ கழிவறைக்குப் போவோம் என்றால் அது பூட்டிக் கிடந்தது. சாவி காவலாளியிடம், காவலாளி சாப்பாட்டில். ஒருவழியாகத் திறந்தால் உள்ளே விருந்து நாற்காலிகள் அடுக்கியிருந்தன. மாப்பும் வாளியும் சாய்ந்து நின்றன. கழிவிருக்கைக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியை ஒட்டி நிறுத்த வேண்டிய இடத்தில் ஆளுயரப் பூச்சாடி. தரை முழுக்க ரப்பர் குழாய்த் தண்ணீர். ஈரத் தரையில் உருண்ட சக்கரத்தைக் கையால் தள்ளினால் கையெல்லாம் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரியம்மா அன்று இரவு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெளியே போனால் தண்ணீர் குடிக்காமல் இருப்பது சக்கர நாற்காலியில் வாழும் பலருடைய வழக்கம். ரிசார்ட் கணக்கில் அது 'புகார் எதுவுமில்லை' என்று பதிவாகும்.

"சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கிறது." இருக்கும். சீரான கட்டடத் துணைவிதிகளில் 34ஏ என்றொரு விதி உண்டு. 1184ஆம் எண் மலேசியத் தரநிலை உண்டு. அதை 2014இல் திருத்தியும் வெளியிட்டார்கள். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொது வசதிகளை அணுகும் உரிமையைப் பேசியது. மீறினால் என்ன தண்டனை என்பதை மட்டும் பேசாமல் விட்டுவிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை 2010இல் ஏற்றும் கொண்டோம். இப்படி எல்லாம் இருந்தும் பூச்சாடி எப்படி வந்தது? வரைபடத்தில் 1,500 மில்லிமீட்டர் வட்டம் அழகாக இருக்கிறது. கட்டி முடித்துச் சி.சி.சி. எனும் கட்டட நிறைவுச் சான்றிதழ் வாங்கும்வரை அது காலியாகவும் இருக்கிறது. சான்றிதழ் வந்த பிறகு அலங்காரக்காரர் வருகிறார். வெறும் தரையைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கிறது.

சக்கர நாற்காலியில் யாரும் வருவதில்லை என்ற வாதத்தை ஒரே வரியில் தள்ளிவிட்டேன். ஒரு கணக்கை மட்டும் சேர்த்துவிடுகிறேன். 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி இந்நாட்டுப் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர். 2030இல் 60 வயதைத் தாண்டியவர்கள் மக்கள்தொகையில் 15 விழுக்காட்டை எட்டுவார்கள் என்கிறார்கள். குடும்ப தினத்துக்கும் கல்யாணத்துக்கும் ரிசார்ட்டை நிரப்புவது இவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். பணம் கட்டுவதும் அவர்கள்தான்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன் கடற்கரைப் படம் கேட்காதீர்கள். ஓகேயூ கழிவறையைத் திறந்து, உள்ளே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கதவின் அகலம் எவ்வளவு, வாசலில் படி உண்டா, சாவி யாரிடம் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள். அழகைக் கெடுக்கிறது என்று சொல்லப்பட்ட கம்பியை, முன்பணம் கைநழுவும் என்று தெரிந்தால், அவர்களே சுவரில் மாட்டிவிடுவார்கள்.