மகனின் விளையாட்டுப் பெட்டியும் நான்கு சுவிட்சுகளும்



கிழக்கிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கட்டாரிலிருந்து லீவில் வந்த அவரது தம்பி, மருமகனுக்கென்று ஒரு ஜொய்ஸ்டிக் பெட்டி கொண்டுவந்து கொடுத்தாராம். பெரிய பலகைபோல் மடியில் வைத்து, இடது கையால் தண்டைத் திருப்பி, வலது கையால் பட்டன்களை அடிக்கும் வகை. சில மாதங்களுக்குள் தண்டு ஆடத் தொடங்கிவிட்டது. பட்டன்கள் நினைத்தால் வேலை செய்கின்றன, நினையாவிட்டால் இல்லை. "உம்மா, நான் சரியாத்தான் திருப்பினேன், இதுதான் எடுக்குதில்ல" என்று மகன் கத்துகிறான். தோற்றவன் சொல்லும் சாட்டு என்று இவர் ஏசுகிறார். மகன் விலைகூடிய வேறொன்று கேட்கிறான். வாப்பாவோ இதைத் தூக்கி எறியச் சொல்கிறார். எது சரி என்று சகோதரி கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம். முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள். மகன் சொல்வது உண்மையாக இருக்கவும் கூடும்.

தையல் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பொபின் கேஸ் தேய்ந்துவிட்டால் எவ்வளவு கைதேர்ந்தவள் தைத்தாலும் நூல் சிக்கும். அதற்காக மெஷினை எறிகிறோமா? அந்த ஒரு சாமானை மாற்றுகிறோம். இந்தப் பெட்டியும் அப்படித்தான். வெளிக்கூடும் உள்ளே இருக்கும் சர்க்கிட் தகடும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மலிவாகச் செய்பவர்கள் மிச்சம் பிடிப்பது கை படும் இடத்தில்தான், அதாவது தண்டிலும் பட்டன்களிலும்.

தண்டின் அடியில் என்ன இருக்கிறது? ஒரு ஸ்பிரிங், அதைச் சுற்றி நாலு பக்கமும் நான்கு சிறு சுவிட்சுகள், தண்டு போகும் எல்லையைத் தடுக்கும் ஒரு பிளாஸ்டிக் சட்டம். மேலே தள்ளினால் ஒரு சுவிட்ச் அழுந்தும். மூலைக்குத் தள்ளினால் பக்கத்துச் சுவிட்சுகள் இரண்டும் ஒன்றாக அழுந்த வேண்டும். 1991 இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போன்ற விளையாட்டுகளில் கீழே, மூலை, முன்னே என்று கால்வட்டமாகத் திருப்பிய கையோடு பட்டனை அடித்தால்தான் விசேஷ அடி விழும். ஸ்பிரிங் தளர்ந்து, சுவிட்ச் மந்தமாகிவிட்டால் நடுவிலுள்ள மூலை விடுபட்டுப்போகும். பிள்ளையின் கை சரியாகத்தான் போயிருக்கும். பெட்டி அதைக் கேட்டிருக்காது.

இதற்கு நல்ல சாமான் எங்கே செய்கிறார்கள்? ஜப்பானில். அங்கே காசு போட்டு விளையாடும் நிலையங்களில் ஒரே இயந்திரத்தைக் காலை முதல் இரவு வரை எத்தனையோ பேர் அடிப்பார்கள். அந்த அடியைத் தாங்குவதற்கென்றே தண்டும் பட்டனும் செய்யும் கம்பனிகள் உண்டு. சன்வா, செய்மிட்சு என்ற இரண்டும் பேர் பெற்றவை. சன்வாவின் ஜே.எல்.எஃப். என்ற தண்டில் நான்கு சுவிட்சுகளும் ஒரே தகட்டில் பூட்டப்பட்டிருக்கும். ஐந்து வயர்கள் கொண்ட ஒரே சொக்கட் அதற்குப் போதும். நான்கு திசைக்கு நான்கு, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று.

2009 இல் அமெரிக்காவின் மாட் காட்ஸ் கம்பனி, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 விளையாட்டுக்காக இரண்டு பெட்டிகளை விட்டது. சன்வா சாமான் பூட்டிய பெரியது சுமார் 150 டொலர். சாதாரண சாமான் பூட்டிய சிறியது அதைவிட நன்றாக மலிவு. பலர் மலிவானதை வாங்கி, உள்ளே சன்வாவைத் தாங்களே பூட்டிக்கொண்டார்கள். அந்தக் கம்பனி 2017 இல் வங்குரோத்தாகிவிட்டது. பெட்டிக்குள் நல்ல சாமான் பூட்டும் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

கணக்கையும் பார்த்துவிடுவோம், இல்லாவிட்டால் வாப்பா கேட்பார். ஜே.எல்.எஃப். தண்டு சுமார் 25 டொலர், ஒரு பட்டன் சுமார் 3 டொலர், அனுப்பும் செலவு வேறு. தண்டோடு எட்டுப் பட்டனையும் மாற்றினால் 50 டொலரை எட்டும். மலிவுப் பெட்டியின் விலையே சில வேளை அவ்வளவுதான். ஆகவே என் யோசனை, முதலில் தண்டை மட்டும் மாற்றுங்கள். பிறகு பிள்ளை எந்தப் பட்டன்களை அதிகம் அடிக்கிறானோ அந்த மூன்று நான்கை. விளையாட்டைத் தொடங்க ஒரு தடவை மட்டும் அழுத்தும் பட்டனுக்கு ஜப்பான் சாமான் எதற்கு? அது வீண்விரயம்தான்.

ஓடர் கொடுக்குமுன் அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள். பெரிய பட்டனின் ஓட்டை 30 மில்லிமீற்றர், சிறியதற்கு 24. பெட்டி மிகவும் தட்டையாக இருந்தால் புதிய தண்டு உள்ளே அடங்காது. வயர் நுனியிலுள்ள கவ்விகளையும் பாருங்கள். சன்வா பட்டனின் கால் 2.8 மில்லிமீற்றர் அகலம், அகலக் கவ்வி அதில் நிற்காது. பட்டன்கள் நேரே தகட்டில் ஈயத்தால் ஒட்டப்பட்டிருந்தால் வேலை கடினம், றேடியோ திருத்துபவரிடம் கொடுப்பதே நல்லது. வீட்டில் ஸொல்டர் செய்வதென்றால் யன்னலைத் திறந்து வைத்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து, முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

இனி வேலை. அஸர் தொழுதுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குங்கள். மகளையும் பக்கத்தில் இருத்துங்கள். ஸ்குரூ முடுக்குவது ஆண் பிள்ளைக்கு மட்டும் எழுதிவைத்த வேலையல்ல.

பெட்டியின் வயரை முதலில் கழற்றிவிடுங்கள். அடித்தட்டின் ஸ்குரூக்களில் சில இறப்பர் கால்களுக்குக் கீழே ஒளிந்திருக்கும். திறந்ததும் எதையும் தொடாமல் போனில் இரண்டு மூன்று படம் எடுங்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு வயர். ஒன்று அதன் சொந்த வயர், மற்றது பட்டனுக்குப் பட்டன் தொடர்ந்து ஓடும் பொது வயர். எல்லாவற்றையும் ஒரேயடியாக உருவிவிட்டுத் தலையில் கைவைத்தவர்கள் பலர். ஒரு பட்டனைக் கழற்றி, அதன் இடத்தில் புதியதைப் பூட்டி, வயரை மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். பட்டனின் இரு பக்கச் சிறகுகளையும் உள்ளிருந்து அழுத்தினால் அது மேலே வந்துவிடும்.

தண்டின் உச்சியிலுள்ள உருண்டை முதலில் கழல வேண்டும். தண்டின் அடிநுனியில் ஒரு வெட்டு இருக்கும். அதில் தட்டை ஸ்குரூட்ரைவரை வைத்து ஒருவர் பிடிக்க, மற்றவர் உருண்டையை இடப்பக்கம் திருப்ப வேண்டும். தனியே செய்தால் சிரமம். மகனும் மகளும் சண்டை போடாமல் சேர்ந்து செய்யக்கூடிய அபூர்வமான வேலை இது!

மூடுமுன் விளையாடிப் பாருங்கள். இடப்பக்கம் தள்ளும்போது மேலே போனால் பயப்பட வேண்டாம், தண்டைத் திருப்பிப் பூட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஜப்பான் தண்டின் சட்டம் சதுரமானது. வட்டச் சட்டத்தில் பழகிய பிள்ளை முதல் சில நாள் "இது பழையதைவிட மோசம்" என்று முறையிடலாம். மூலை பிடிபட்டதும் அந்த முறைப்பாடு நின்றுவிடும்.

பெட்டி நன்றாக வேலை செய்யத் தொடங்கினால் விளையாடும் நேரமும் நீளும், சகோதரிகளே. அதனால் எந்த விளையாட்டு, எவ்வளவு நேரம் என்பதைப் பெட்டியை மூடுமுன்பே பேசி முடித்துவிடுங்கள். ஸ்குரூட்ரைவர் உங்கள் கையில் இருக்கும்போது பிள்ளைகள் நன்றாகக் கேட்பார்கள். அதான் சொன்னால் தண்டு கீழே. பந்தயம் கட்டி விளையாடுவது அறவே கூடாது.

கழற்றிய பழைய சாமானை எறிய வேண்டாம். ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள், அவசரத்துக்கு உதவும். ஒரு சுவிட்சை மட்டும் இளையவளிடம் கொடுத்து, மெதுவாகத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஒரு சிறு தகடு 'டிக்' என்று துள்ளும்.