சின்ன உடம்புக்குச் சின்னத் துப்பாக்கி என்பது தவறான கணக்கு

டிராப், ஸ்கீட் எனப்படும் களிமண் தட்டுப் போட்டிகளைப் பழக வரும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கோ, தோள் குறுகிய பெண்ணுக்கோ முதலில் எந்தத் துப்பாக்கியைக் கொடுப்பது? இருப்பதிலேயே எடை குறைந்த, குழல் மெலிந்த ஒன்றை எடுத்துக் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். ‘பாவம், பெரிய துப்பாக்கி உதைக்கும்’ என்ற அக்கறைதான் அதற்குக் காரணம். அக்கறையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது கொண்டுபோய் விடும் இடம் தவறு. உதைக்கு அஞ்சி எடையைக் குறைத்தால் உதை கூடத்தான் செய்யும். புதிதாக வருபவர் சில வாரங்களிலேயே ‘இது எனக்கு ஒத்துவராது’ என்று விலகிப்போவதற்கு, அவருடைய உடம்பைவிட நாம் எடுத்துக் கொடுத்த துப்பாக்கி காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பள்ளியில் படித்த உந்த அழியாமை விதிதான் இங்கே வேலை செய்கிறது. ரவையும் வெடிவாயுவும் முன்னே பாய, அதே அளவு உந்தத்தோடு துப்பாக்கி பின்னே வருகிறது. துப்பாக்கி கனமாக இருந்தால் மெதுவாக வரும், லேசாக இருந்தால் வேகமாக வரும். தோளில் இறங்கும் ஆற்றலோ அந்த வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. தோராயமாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 24 கிராம் ரவை கொண்ட தோட்டாவை 3.6 கிலோ எடையுள்ள 12 போர் (போர் என்பது குழலின் அளவு; எண் கூடினால் குழல் மெலியும்) துப்பாக்கியில் சுட்டால் உதையின் ஆற்றல் ஏறக்குறைய 21 ஜூல். அதே 24 கிராமை 2.6 கிலோ எடையுள்ள 20 போர் துப்பாக்கியில் சுட்டால் 29 ஜூலை நெருங்கும். 20 போரில் வழக்கமாகப் போடும் தோட்டாவிலும் கிட்டத்தட்ட 24 கிராம் ரவைதான் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. போர் எண்ணைப் பார்த்து ‘சின்னது’ என்று நம்பிக் கொடுத்த துப்பாக்கி, பெரியதைவிடக் கடுமையாக அடிக்கிறது. உதையைக் குறைக்க வேண்டுமானால் கை வைக்க வேண்டிய இடம் தோட்டா. அதே 3.6 கிலோ துப்பாக்கியில் 21 கிராம் தோட்டாவைப் போட்டால் உதை 17 ஜூல் அளவுக்கு இறங்கிவிடுகிறது.

இன்னும் மெலிந்த .410 துப்பாக்கி உண்மையிலேயே குறைவாக உதைக்கும். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் வழக்கமான 14 கிராம் தோட்டாவில், டிராப்புக்குரிய நுண்ரவை சுமார் 175 மணிகள்தான் இருக்கும். 24 கிராம் தோட்டாவில் ஏறக்குறைய 300. வானில் விரியும் ரவைக்கூட்டத்தில் இடைவெளி கூடக்கூட, சரியாகக் குறி வைத்தும் தட்டு உடையாமல் பறந்துபோவது கூடும். தேர்ந்த கைகளுக்கு அது ஒரு சவால். கற்க வந்தவருக்கோ, தான் செய்தது சரியா தவறா என்று தெரிந்துகொள்ளும் வழியே அடைபடுகிறது.

எடைக்கும் தோட்டாவுக்கும் அடுத்தது பொருத்தம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் துப்பாக்கிகளில் விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரையுள்ள நீளம் பெரும்பாலும் 37 சென்டிமீட்டரை ஒட்டியிருக்கும். அது சராசரி ஆணின் கைக்கு ஏற்ற அளவு. சிறிய உடம்புக்காரருக்கு 33 சென்டிமீட்டர் போதும் என்ற நிலையில் இந்தக் கட்டையைத் தோளுக்குக் கொண்டுவந்தால், அது தோள்குழியில் அமராமல் மேற்கையில் போய் உட்காருகிறது. முன்பக்கம் தாங்க முடியாமல் அவர் இடுப்பை வளைத்துப் பின்னால் சாய்கிறார். உடம்பின் கனம் குதிகாலுக்குப் போய்விட்ட பிறகு எந்த உதையும் அவரைத் தள்ளத்தான் செய்யும். கன்னம் கட்டையில் ஒட்டாமல் நின்றால் ஒவ்வொரு சூடும் கன்னத்தில் அறையாக விழுகிறது. பெண்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: கட்டையின் பின்முகம் சாய்ந்திருக்கும் கோணம் சரியில்லாவிட்டால் அதன் கீழ்முனை மார்பில் குத்துகிறது. ஜூல் கணக்கு ஒன்றாகவே இருந்தாலும், அதே ஆற்றல் ஒரு முனையில் குவிவதும் உள்ளங்கை அகலத்துக்குப் பரவுவதும் வேறு வேறு அனுபவங்கள். வாயுவின் ஒரு பகுதியை எடுத்து இயங்கும் தானியங்கி வகைத் துப்பாக்கிகள் மென்மையாகத் தோன்றுவதும் இதுபோன்ற ஒரு பரவலால்தான். வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைக் கையைப் பின்னிழுத்துப் பிடிப்பதுபோல, அவை அதே உந்தத்தைச் சற்று நீண்ட நேரத்துக்குப் பரப்பிக் கொடுக்கின்றன.

கனமான துப்பாக்கியைச் சிறிய ஆள் எப்படித் தூக்குவார் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் டிராப்பில் துப்பாக்கியை ஒரு தட்டுக்குச் சில நொடிகள்தான் தோளில் தாங்குகிறார்கள். கட்டையின் நீளம் சரியாகி, கனம் இரு கைகளுக்கும் நடுவே வந்துவிட்டால் 3.6 கிலோ அவ்வளவாகத் தெரியாது. குழல்முனை கனத்துத் தொங்கினால்தான் 3 கிலோவும் சுமையாகிறது. தாங்கும் வலு சில மாதப் பயிற்சியில் வந்துவிடும். எளிதில் போகாதது உதைக்கு அஞ்சும் பழக்கம். விசையை இழுப்பதற்கு முன்பே கண் இறுக மூடுகிறது, தோள் முன்னே துள்ளுகிறது, குழல் தாழ்கிறது. காதுக்குள் அடைப்பானும் மேலே காதுறையும் போடாமல் சுட விட்டால் இது இன்னும் விரைவில் தொற்றிக்கொள்ளும், ஏனெனில் உடம்பு பயப்படுவதில் பாதி வெடிச்சத்தத்துக்காகத்தான்.

‘தோள் கன்றினால்தான் பழகும்’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஒலிம்பிக் டிராப்பின் தகுதிச் சுற்றில் 125 தட்டுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தோட்டா வரை அனுமதி. அத்தனை முறையும் வலியைப் பொறுத்துக்கொண்டு நிதானமாகக் குறி பார்க்க யாராலும் முடியாது. சர்வதேச விதியே தோட்டாவை 24 கிராமுக்குக் கட்டுப்படுத்தியிருக்கிறது. உலகின் தலைசிறந்த ஆண்களுக்கும் அதுதான் அளவு என்னும்போது, கற்கும் பிள்ளைக்கு 28 கிராம் தோட்டாவைக் கொடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. உடல்வலுதான் இந்த விளையாட்டைத் தீர்மானிக்கிறது என்பதற்கும் வரலாறு இடம் தரவில்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் ஒன்றாகப் போட்டியிட்ட ஸ்கீட்டில் தங்கம் வென்றவர் சீனாவின் ஜாங் ஷான் என்ற பெண். இறுதிச் சுற்றுக்கு முன்பு 200 தட்டுகளில் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. அடுத்த அட்லாண்டா ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஸ்கீட் போட்டியே இல்லாமல்போனது. 2000 சிட்னியில்தான் தனிப் பிரிவாகத் திரும்ப வந்தது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் டிராப் போட்டிகளில் புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமானும், பெண்கள் பிரிவில் ராஜேஸ்வரி குமாரியும் ஷ்ரேயசி சிங்கும் இந்தியாவுக்காகச் சுட்டார்கள். அவர்களைப் பார்த்து வரும் பிள்ளைகள் நினைத்தவுடன் சொந்தத் துப்பாக்கி வாங்கிவிட முடியாது. உரிமம், வயது வரம்பு, விலை எல்லாம் குறுக்கே நிற்கும். ஆகவே கிளப் வைத்திருக்கும் துப்பாக்கிதான் அவர்களுடைய முதல் துப்பாக்கி. ‘ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி மாற்றிக்கொண்டிருக்கப் பணம் ஏது?’ என்று நிர்வாகிகள் கேட்கலாம். புதிதாக எதையும் இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. கையிலுள்ள 12 போர் துப்பாக்கிகளில் ஒன்றின் கட்டையைத் துப்பாக்கித் தச்சரிடம் கொடுத்து 33 சென்டிமீட்டருக்குக் குறைத்து, நல்ல ரப்பர் பட்டை பொருத்தி, கன்னம் படும் பகுதியை ஏற்றி இறக்கும்படி செய்தால் போதும். வெட்டிய துண்டைப் பத்திரமாக வைத்திருந்தால், உயரமானவர் வரும்போது இடைக்கட்டையாகத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். தோட்டா வாங்கும்போது பயிற்சிக்கென்று, கிடைப்பதிலேயே ரவை நிறை குறைந்த வகையைத் தனியாகக் கேட்டு வாங்குவது அடுத்த வேலை. இரண்டுக்கும் ஆகும் செலவு இன்னொரு லேசான 20 போர் வாங்கும் விலையில் சிறு பங்குகூட இராது.