பற்பசை மேல் பழி போடும் முன்

சென்ற ஆண்டு மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழாவில் பால்குடம் பார்க்கப் போயிருந்தேன். குடையும் இல்லை, தலையில் துண்டும் இல்லை. காலை ஏழு மணிக்குப் போனவன் வீடு திரும்பும்போது மணி பன்னிரண்டு. மூன்றாம் நாள் கீழ் உதட்டோரம் குறுகுறுவென்றது. மறுநாள் விடிந்ததும் பார்த்தால் கடுகளவில் நாலைந்து நீர்க்கொப்புளங்கள்.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. "பல்லி எச்சம் பட்டிருக்கும்" என்றாள் என் மனைவி. "அக்கி மாதிரி தெரியுதே, வேளார் வீட்டுக்குப் போய் காவி எழுதிக்கிட்டு வாங்க" என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி. மகன் கைபேசியில் தேடிவிட்டு, "நீங்க புதுசா வாங்கின பேஸ்ட்தாம்ப்பா காரணம். அதுல ஏதோ நுரை மருந்து இருக்காம்" என்றான். பேஸ்ட் மாற்றி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எனக்கும் அதுவே சரியென்று பட்டது. பேஸ்ட்டைக் குப்பையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதிதான் ஆபத்தாகப் பார்த்தது. மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பேத்தி பிறந்து இருபத்திரண்டு நாள். கொப்புளம் வந்த அன்று காலையிலும் அவள் நெற்றியில் முத்தம் கொடுத்திருந்தேன். பேஸ்ட் ஒத்துக்கொள்ளாமல் வந்த புண் அடுத்தவருக்கு ஒட்டாது என்று யாருக்கும் தோன்றும் அல்லவா?

மாலையில் ரத்த அழுத்த மாத்திரைக்காகப் போன இடத்தில் டாக்டர் என் உதட்டைப் பார்த்தார். முதல் கேள்வியே, "வீட்டில் கைக்குழந்தை இருக்கா?" என்பதுதான். அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன்.

இது ஹெர்பீஸ் என்ற வைரஸ் கிருமி. பெரும்பாலும் சின்ன வயதிலேயே யாரோ கொடுத்த முத்தத்தில் உள்ளே வந்துவிடும். முகத்து நரம்பின் முடிச்சில் ஆயுள் முழுக்கத் தூங்கும். கடும் வெயில், காய்ச்சல், மனக் கவலை, உடல் அசதி இவற்றில் ஒன்று அதை எழுப்பிவிடும். உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேரிடம் இந்தக் கிருமி இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நமக்குப் பத்து நாள் தொல்லை, அவ்வளவுதான். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கோ அது மூளை வரை போய் உயிரையே பறிக்கலாம். காய்ச்சலோ, பால் குடிக்காமல் சோர்வோ, உடம்பில் கொப்புளமோ தெரிந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடி வரச் சொன்னார். அடுத்த மூன்று வாரம் நான் தூங்கிய லட்சணம் எனக்குத்தான் தெரியும். அம்மன் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இந்த உதட்டுக் கொப்புளத்துக்கு 'பூத்தோன் த ஃபியேவ்ர்' என்று பெயர். காய்ச்சல் மொட்டு என்று சொல்லலாம். வாயின் உட்புறம் வெள்ளையாகக் குழி விழும் புண்ணுக்கு 'ஆஃப்த்' என்று தனிப் பெயர். நாமோ இரண்டையும் வாய்ப்புண் என்றே சொல்லிவிடுகிறோம். அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: தப்பான தலைப்பில் போட்ட காகிதம் வேண்டிய நேரத்தில் கைக்கு வராது. நோய்க்கும் அதே கதிதான்.

மகன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. பேஸ்ட் நுரைப்பதற்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் வாயின் உள்தோலை உலர்த்தி எரிச்சல் தரக்கூடியது. அது இல்லாத பேஸ்ட்டுக்கு மாறியவர்களுக்கு உள்வாய்ப் புண் குறைந்ததாக 1990களில் நார்வேயில் சிறு ஆய்வுகள் காட்டின. பிறகு வந்த சில ஆய்வுகளில் புண்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இவையெல்லாம் உள்ளே வரும் ஆஃப்த் பற்றியவை. அந்தப் புண் தொற்றாது. அடிக்கடி அது வருகிறவர்கள் அட்டைப் பெட்டியில் பொடி எழுத்தைப் படித்துப் பார்த்து, அந்தச் சரக்கு இல்லாத பேஸ்ட்டை இரண்டு மூன்று மாதம் தேய்த்துப் பார்க்கலாம். நஷ்டம் ஒன்றுமில்லை. கோபால் பல்பொடி காலத்து ஆட்களான நமக்கு நுரை இல்லாமல் பல் துலக்குவது புதிதா என்ன!

உதட்டின் வெளியே நீர்க்கொப்புளம் வந்தால் கதை வேறு. என் விஷயத்தில் டாக்டர் கை காட்டியது பங்குனி வெயிலைத்தான். பேஸ்ட் அவ்வளவு நாளும் நிரபராதி. குறுகுறுப்பு தொடங்கியதுமே டாக்டரைக் கேட்டு அசைக்ளோவிர் எடுத்தால் சீக்கிரம் அடங்கும். தாமதித்தால் பலன் குறைவு. புண்ணைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். துண்டு, டம்ளர் தனியாக இருக்கட்டும். பொருக்கு உதிர்ந்து தோல் நன்றாக ஆறும் வரை பேரன் பேத்திக்கு முத்தம் கிடையாது.

இன்னொன்று. வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உள்ள நம் வயதுக்காரர்கள் வாய்க்குள் ஒரு புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லை என்றால், வலி இல்லாவிட்டாலும், பேஸ்ட்டை மாற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். நேரே டாக்டரிடம் போய் வாயைத் திறந்து காட்டிவிடுங்கள்.

பேத்திக்கு இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. இந்தப் பங்குனிக்கு நான் குடையோடுதான் பால்குடம் பார்த்தேன்.