காவலரைத் தேரும் முறை

மக்களின் உயிரையும் உடைமையையும் காத்தல் காவலர் கடன். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அக்கடன் எளிதன்று. சென்னையையும் திருச்சிராப்பள்ளியையும் இணைக்கும் பெருஞ்சாலை பெரம்பலூர் வழியே செல்கிறது. ஆங்கு விபத்து நேரின் நள்ளிரவிலும் விரைந்து சென்று உதவுதல் வேண்டும். அரியலூர்ப் பகுதியில் சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் லாரிகளை ஊரார் மறித்து முறையிடுவராயின், இரு சாராரையும் அமைதிப்படுத்தல் வேண்டும். இவற்றிற்கு உடல் வலிமை மட்டும் போதுமா? சினம் அடக்கும் ஆற்றலும் நடுவுநிலைமையும் வேண்டுமன்றோ?

தமிழ்நாட்டில் காவலரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, 1991-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தைச் சார்ந்தது. 2022-ஆம் ஆண்டு அறிவிக்கப்பெற்ற இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில், முதன்மை எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்களுள் 45 பொது அறிவுக்கும் 25 உளவியலுக்கும் உரியனவாயின. உளவியல் என்னும் பெயரைக் கேட்போர், அப்பகுதி குணத்தை அளப்பது என்று கருதக்கூடும். ஆயின் அதன் பாடத்திட்டத்தில் தருக்க ஆய்வும் எண் கணக்குமே பெரும்பான்மையாக அமைந்தன. இவை மதிநுட்பத்தை அளக்கும், பொறுமையை அளக்கமாட்டா.

மதி வேறு, குணம் வேறு. 1916-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் சான் ஓசே நகரில், காவல் பணியை நாடி வந்தோரை டெர்மன் என்னும் உளவியலறிஞர் சோதித்தார். அவர் அளந்ததும் அறிவுத்திறனையே. குணநலன்களை ஆராயும் வினாத்தொகுதி ஒன்று மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1943-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னாளில் அந்நாட்டுக் காவல்துறையினர் பலர் அதனை மேற்கொண்டனர். தம்மை மிக நல்லவராகக் காட்டிக்கொள்ள முயல்வோரைக் கண்டறியும் வினாக்களும் அதன்கண் உண்டு.

இத்தகைய சோதனை இங்கும் வேண்டற்பாலதே. 2020-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பெற்ற தந்தையும் மகனும் உயிர் துறந்த நிகழ்ச்சி, அதிகாரம் பெறுவோரின் குணத்தைக் குறித்து நாடு முழுவதையும் சிந்திக்கச் செய்தது.

எனினும், பிறநாட்டு வினாக்களை அவ்வாறே மொழிபெயர்த்தல் பயன் தராது. சிற்றூர் இளைஞர் ஒருவர் வினாவின் கருத்தை அறியாமல் விடையளித்தால், நல்லவரும் விலக்கப்படுவர். ஆதலின் நம் வாழ்க்கைக்கு ஏற்ற வினாக்களைத் தமிழிலேயே அமைத்து, பயின்ற உளவியலறிஞர் நேரில் உரையாடியும் அறிதல் வேண்டும்.

விடைகளை மனப்பாடம் செய்து ஒப்புவிப்போரும் உளர். அவர்தம் உண்மை இயல்பைச் செயலே காட்டும். தேர்ந்தபின் நம்புதலை விளக்கத் திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். ஒருவருடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவர் செயலையே உரைகல்லாகக் கொண்டார். பயிற்சிக் காலத்தில் அவர் ஏழையிடம் எங்ஙனம் பேசுகின்றார், இகழ்ந்து பேசுவோர்முன் எங்ஙனம் பொறுக்கின்றார் என்பவற்றையும் நோக்கியே பணியை உறுதி செய்தல் வேண்டும். அங்ஙனம் தேர்ந்த காவலரிடம், எளியவரும் அச்சமின்றித் தம் குறையைச் சொல்வர்.