கோலாலம்பூரில் ஒரு மாலைச் சிற்றுண்டி

உடுவிலாருக்கு மலாயா புதிதன்று. நம் பாட்டன்மார் பலர் அங்கே புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் கடமை பார்த்தவர்கள். இன்று உறவினரைக் காணக் கோலாலம்பூர் செல்லும் பிள்ளைகளோ முதலில் தேடுவது பர்கர் கடையை!

கண்ணாடி மாளிகைகளில் அலைய வேண்டாம். அந்தி சாய்ந்ததும் தெருவோரத் தள்ளுவண்டிகளை நாடுங்கள். பிறர் விற்ற பர்கர் தம் சமயத்தார் உண்ணத் தக்கதோ என்று ஐயுற்ற ராம்லி மொக்னி என்பவர், 1979ஆம் ஆண்டில் மனைவியாருடன் தாமே செய்து விற்கத் தொடங்கினார். அவர் பெயரால் வழங்கும் பர்கரில், கல்லில் வாட்டிய இறைச்சித் தட்டையை மெல்லிய முட்டை அடைக்குள் மடித்துப் பணிசில் வைப்பார்கள். முன்னரே சுட்டு அடுக்கிய கடையாயின் அப்பால் நடவுங்கள். சுன்னாகத்தில் வடை வாங்கும் நிதானமே இங்கும் போதும்.

கோழியும் மாட்டிறைச்சியும் ஒரே கல்லில் வேகுவதுண்டு. மாட்டிறைச்சி விலக்கும் நம் வீட்டார் கல்லைத் துடைத்துத் தரும்படி கேட்கக் கூச வேண்டாம். நாம் கேட்டோம், கடைக்காரத் தம்பி முகம் கோணாமல் இருமுறை துடைத்தார்.