வலையை அறுத்து கடல்பசுவை காப்பாற்றும் மீனவன். முடிவெடுக்கும் இடத்தில் அவன் எங்கே?

தஞ்சாவூர்:
தஞ்சை என்றதும் பெரிய கோவிலும் நெல்லும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் இந்த மாவட்டத்துக்கு கடலும் உண்டு. நாட்டிலேயே முதல் கடல்பசு பாதுகாப்பகம் இருப்பதும் இந்தக் கடலில்தான்.

2022 செப்டம்பர் 21-ல் இதற்கான அறிவிப்பை தமிழக அரசு வெளியிட்டது. அதிராம்பட்டினத்தில் இருந்து புதுக்கோட்டை மாவட்டம் அம்மாப்பட்டினம் வரை பாக் நீரிணையில் 448 சதுர கி.மீ. பரப்பு இதில் அடக்கம். 2025 அக்டோபரில் அபுதாபியில் நடந்த உலக இயற்கை பாதுகாப்பு மாநாட்டில் இதற்கு அங்கீகாரமும் கிடைத்தது. பேர் கிடைத்துவிட்டது, சரி. கரையில் இருக்கும் மீனவனுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் இப்போதைய கேள்வி.

கடலுக்குள் ஒரு வயல்

கடல்பசுவை இந்தப் பக்கத்து மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். மீன் அல்ல, குட்டி போட்டு பால் கொடுக்கும் பிராணி. உணவு கடல்புல் மட்டுமே. நாள் ஒன்றுக்கு 30, 40 கிலோ புல் மேயும். வயிற்றில் குட்டி ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். போடுவது ஒரே குட்டி. அடுத்த குட்டிக்கு மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். ஒன்று செத்தால் ஈடுகட்டுவது லேசு அல்ல. நாடு முழுக்க 240 அளவில்தான் மிச்சம் என்பது அரசு தரப்பு கணக்கு.

டெல்டா விவசாயிக்கு நாற்றங்கால் எப்படியோ, மீனவனுக்கு கடல்புல் அப்படி. இறால், நண்டு, ஓரா எல்லாம் குஞ்சாக வளர்வது அந்தப் புல்லுக்குள்தான். இழுவை மடி அடியை வாரிக்கொண்டு போனால் புல் வேரோடு போகும். ஆவுளியாவுக்கு மேய்ச்சல் போச்சு, நாட்டுப்படகுக்காரனுக்கு பிழைப்பும் போச்சு. ஆக, இரண்டு பேருக்கும் ஒரே வயல்தான்.

வலை யாருடையது?

ஆவுளியா சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சு முட்டி செத்துவிடும். அந்த நேரத்தில் நடுக்கடலில் வனத்துறை அதிகாரி இருக்கமாட்டார். மீனவன்தான் இருப்பான். வலையை அறுத்துவிட்டால் ஆவுளியா பிழைக்கும். வலையும் அன்றைய மீன்பாடும் போகும்.

அப்படி அறுத்துவிட்ட தஞ்சை மீனவர்களை வனத்துறை கூப்பிட்டு பாராட்டி, பரிசும் கொடுத்து வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் பரிசு வேறு, நஷ்டஈடு வேறு. மராட்டிய மாநிலத்தில் பாதுகாக்கப்பட்ட கடல் உயிரினத்தை விடுவிக்க வலையை அறுத்தால் 25 ஆயிரம் ரூபாய் வரை நஷ்டஈடு தரும் திட்டம் 2018-லேயே வந்துவிட்டது. 2018 நவம்பரில் கஜா புயலில் படகையும் வலையையும் பறிகொடுத்த இந்தக் கரைக்கு ஒரு வலையின் விலை என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாம்பன் தீவு சொல்லும் பாடம்

மீனவர் கையில் பொறுப்பைக் கொடுத்தால் என்ன நடக்கும்? தெற்கே பாம்பன் தீவில் பதில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளை சேர்த்து 1986-ல் கடல் தேசிய பூங்கா அறிவிக்கப்பட்டது. கெடுபிடி கூடியபோது, தலைமுறையாக கடல்பாசி எடுத்து வந்த பெண்களின் பிழைப்பில் மண் விழுந்தது. அவர்கள் ஊர் ஊராக சங்கமாக திரண்டார்கள். அதிகாரிகளிடம் பேசினார்கள். அதோடு தங்களுக்கே கட்டுப்பாடும் போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, பவளப்பாறையை சுரண்டும் இரும்புக் கருவியை தொடுவதில்லை என்பது அந்தக் கட்டுப்பாடு.

இதற்கு தலைமை தாங்கியவர்களில் ஒருவர் சின்னப்பாலம் லட்சுமி. தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கு அமெரிக்காவின் 'சீகாலஜி' அமைப்பு தரும் 10 ஆயிரம் டாலர் விருது 2015-ல் அவருக்கு கிடைத்தது.

நாற்காலி காலி

தஞ்சை கடலிலும் இப்படி ஒரு ஒப்பந்தம் ஏற்கனவே உண்டு. மோதல் நடந்த பிறகு பேசி வைத்ததுதான் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்ற முறை. இதைக் கட்டிக்காப்பது ஊர்த்தலைவர்களும் சங்கத் தலைவர்களும்தான். கரையை ஒட்டிய கடல் பகுதிக்குள் விசைப்படகு வந்து மீன்பிடிக்கக்கூடாது என்று சட்டமும் இருக்கிறது. ஆனால் ஊர் ஒத்துழைக்காவிட்டால் சட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி இந்த வகை காப்பகத்துக்கு ஒரு மேலாண்மைக் குழு வேண்டும். அதில் ஊராட்சிக்கு ஒரு பிரதிநிதி உண்டு. மீனவ ஊர்த்தலைவருக்கு என்று தனி இடம் சட்டத்தில் இல்லை. போதாக்குறைக்கு 2025 ஜனவரியில் ஊராட்சி தலைவர்களின் பதவிக்காலமும் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. ஆக, கடலில் யார் எந்த நாளில் வலை போடலாம் என்று கட்டுப்படுத்தும் ஆளுக்கு, கடல்பசுவைப் பற்றி முடிவெடுக்கும் மேஜையில் உத்தரவாதமான நாற்காலி கிடையாது.

மனோராவில் சர்வதேச கடல்பசு பாதுகாப்பு மையம் என்ற அறிவிப்பும் வந்திருக்கிறது. கட்டிடம் வரட்டும், சுற்றுலா பயணிகளும் வரட்டும். ஆனால் மூன்று விஷயம் நடக்காமல் காப்பகம் நிலைக்காது. அறுத்த வலைக்கு உடனடி நஷ்டஈடு வேண்டும். கரையோரம் வரும் இழுவை மடிக்கு கடிவாளம் வேண்டும். மீனவ கிராம கமிட்டிகளுக்கு, முக்கியமாக பெண்களுக்கு, குழுவில் இடம் வேண்டும்.

ராத்திரி நடுக்கடலில் கத்தியை எடுத்து சொந்த வலையை அறுக்கிறவன் சட்டத்துக்கு பயந்து மட்டும் அதை செய்வதில்லை, மனசு வைத்து செய்கிறான். அந்த மனசு மாறாமல் பார்த்துக்கொள்வது அரசு கையில்தான் இருக்கிறது.