தைராய்டு ரிப்போர்ட் நார்மல்... ஆனால் அசதி போகவில்லையே டாக்டர்?

கேள்வி: என் வயது 33. இரண்டாவது குழந்தை பிறந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. பிரசவத்தின்போது ரத்தப்போக்கு அதிகமாகி, நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். தாய்ப்பால் சுரக்கவே இல்லை. இன்றுவரை பீரியட்ஸும் வரவில்லை. எந்நேரமும் அசதி. வீட்டில் எல்லோரும் ஃபேன் போட்டுக்கொள்ளும்போது எனக்கு மட்டும் குளிர்கிறது. முடி கொட்டுவதால் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். டிஎஸ்ஹெச் டெஸ்ட் எடுத்ததில் 2.3 என்று வந்தது. 'தைராய்டெல்லாம் இல்லை, நீயாக எதையாவது கற்பனை பண்ணிக்காதே' என்கிறார்கள். ரிவர்ஸ் டி3 எடுக்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். எடுக்கலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது கற்பனை இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை டாக்டர் ஒருவர் கட்டாயம் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

டிஎஸ்ஹெச் என்பது தைராய்டு சுரப்பதே இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை செய்யச் சொல்லி அனுப்பும் ஹார்மோன் அது. வீட்டில் தண்ணீர் டேங்க் காலியானால், 'மோட்டாரைப் போடு' என்று குரல் கொடுக்கும் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். டேங்க் குறையக் குறைய குரல் உயரும். அதனால்தான் தைராய்டு குறைவு உள்ள பெரும்பாலானவர்களுக்கு டிஎஸ்ஹெச் அதிகமாக இருக்கிறது. அவர்களுக்கு இந்த ஒரு டெஸ்ட்டே பிரச்னையைக் காட்டிவிடும்.

ஆனால் பாட்டிக்கே தொண்டை கட்டிவிட்டால்? டேங்க் காலியாக இருக்கும், குரல் வராது. பிட்யூட்டரி பாதிக்கப்பட்டவர்களுக்கு டிஎஸ்ஹெச் நார்மலாகவே காட்டலாம். அப்போது டேங்க்கைத் திறந்து பார்ப்பதுதான் ஒரே வழி. அந்த டெஸ்ட்தான் ஃப்ரீ டி4.

கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெரிதாகும். பிரசவத்தில் கடுமையான ரத்தப்போக்கு ஏற்பட்டால், ரத்த ஓட்டம் கிடைக்காமல் அந்தச் சுரப்பி சேதமடையலாம். இதற்கு 'ஷீஹன் சிண்ட்ரோம்' என்று பெயர். 1937-ல் ஷீஹன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதை விவரித்தார். பால் சுரக்காதது, மாதவிலக்கு திரும்பாதது, அசதி, குளிர் தாங்காதது எல்லாம் இதன் அடையாளங்கள். உங்களுக்கு இதுதான் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. ஆனால் இது இல்லை என்று உறுதிப்படுத்தியே ஆக வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

* ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள்களுக்கு முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். அதிக டோஸ் என்றால் எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேளுங்கள். சில லேப்களின் டெஸ்ட் முறையில், பயோட்டின் டிஎஸ்ஹெச்சைக் குறைத்தும் ஃப்ரீ டி4-ஐக் கூட்டியும் காட்டிவிடும். உண்மையான குறைபாடு மறைந்துபோகும்.

* எண்டோகிரைனாலஜிஸ்ட்டைப் பாருங்கள். ஃப்ரீ டி4, காலை 8 மணி கார்ட்டிசால், புரோலாக்டின், எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், சோடியம் ஆகியவற்றை அவர் பார்ப்பார். தேவைப்பட்டால் பிட்யூட்டரிக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்.

* பக்கத்து வீட்டம்மா சாப்பிடும் தைராய்டு மாத்திரையை நீங்களாக ஆரம்பித்துவிடாதீர்கள். கார்ட்டிசால் குறைவாக இருக்கும்போது அதைச் சரிசெய்யாமல் தைராய்டு மாத்திரை எடுத்தால், உயிருக்கே ஆபத்தாகலாம்.

* காய்ச்சலோ வாந்தியோ வந்து மயக்கமும் சேர்ந்துகொண்டால், காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ரிவர்ஸ் டி3 உங்களுக்கு வேண்டாம். தைராய்டு குறைவைக் கண்டுபிடிக்க அது உதவாது. காலையில் அக்குளில் வெப்பநிலை பார்ப்பது, கையில் அயோடின் தடவி எத்தனை மணி நேரத்தில் மறைகிறது என்று பார்ப்பது போன்ற வீட்டு டெஸ்ட்களையும் நம்ப முடியாது.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. டிஎஸ்ஹெச் அதிகம் என்றால் அடுத்து ஃப்ரீ டி4 பார்க்க வேண்டும். காரணம் தெரிய ஆன்டி-டிபிஓ டெஸ்ட் உதவும். டிஎஸ்ஹெச் மிகவும் குறைந்திருந்தால் டி3-யும், சிலருக்கு ஸ்கேனும் தேவைப்படும். கழுத்தில் கட்டி தெரிந்தால் அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் அசதி போகவில்லையா? ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, பி12, சர்க்கரை ஆகியவற்றைப் பாருங்கள்; தூக்கம் எப்படி இருக்கிறது என்றும் யோசியுங்கள்.

சகோதரி, அடுத்த முறை டாக்டர் எதிரே உட்காரும்போது, 'ரொம்ப டயர்டா இருக்கு' என்று ஆரம்பிக்காதீர்கள். 'பிரசவத்தில் நிறைய ரத்தம் போனது, பால் வரவில்லை, பீரியட்ஸ் திரும்பவில்லை' என்று ஆரம்பியுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்த டெஸ்ட் எடுக்க வேண்டும் என்பதை அந்தத் தகவல்தான் முடிவு செய்யும்.